நான்காம் இடத்தில் வந்த ஜேட் கூடி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழின் இந்தப் பகுதியில், ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் பிறகு என்ன ஆகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் இங்கிலாந்தின் ஜேட் கூடியை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஒரு வரியில் கடந்துபோகக்கூடிய வாழ்க்கையா அது என்று பலர் உரிமையோடு கடிந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆகவே இந்த இதழில் அவரைப் பற்றிய கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

ஜேட் கூடி யார்? நடிகையா, பாடகியா? இங்கிலாந்து முழுவதும் அவரை அறிந்திருந்ததற்கு என்ன காரணம்?
(வாசகி, திருச்சி)

அவர் நடிகையும் இல்லை, பாடகியும் இல்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி பிறந்து, தெற்கு லண்டனில் உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பெர்மாண்ட்சி பகுதியில் வளர்ந்தவர். தந்தை போதைப் பழக்கத்துக்கு அடிமையாகிச் சிறைக்குப் போய்வந்தவர்; தாய் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு கையின் செயல்பாட்டையே இழந்தவர். அந்த வீட்டில், சிறுமியாக இருந்தபோதே தாயைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஜேட்டின் மீது விழுந்தது. பின்னர் பல் மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்தார்.

2002ஆம் ஆண்டு, சேனல் 4 தொலைக்காட்சியின் 'பிக் பிரதர்' (நம் 'பிக் பாஸ்' போலப் போட்டியாளர்களை ஒரே வீட்டுக்குள் அடைத்துக் கேமராவில் காட்டும் நிகழ்ச்சி) மூன்றாவது சீசனில் போட்டியாளராக நுழைந்தபோது அவருக்கு வயது 20. இருபத்தோராவது பிறந்தநாள் அந்த வீட்டுக்குள்ளேயே வந்து போனது. இறுதிவரை தாக்குப்பிடித்தாலும் நான்காம் இடமே கிடைத்தது. கேட் லாலர் வெற்றி பெற்று 70,000 பவுண்டு பரிசை எடுத்துச் சென்றார். ஆனாலும் அந்த சீசன் என்றதும் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வந்த முகம் ஜேட்டுடையதுதான். வாய் ஓயாத பேச்சு, சட்டென்று வெடிக்கும் கோபம், அதே வேகத்தில் வரும் அழுகை, எல்லாவற்றுக்கும் மேலாக அவருடைய அறியாமை ஆகியவையே அதற்குக் காரணம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவை அவர் வெளிநாடு என்று நினைத்திருந்தார். அந்தப் பெயரையும் பிழையாகவே உச்சரித்தார். ரியோ டி ஜெனிரோ என்பது ஓர் ஆளின் பெயர்தானே என்று கேட்டார். இவை நாடு முழுவதும் நகைச்சுவைத் துணுக்குகளாகப் பரவின.

அந்நாட்டுப் பத்திரிகைகள் அவரை மிகவும் இழிவுபடுத்தின என்று படித்திருக்கிறேன். அதே பத்திரிகைகள் பிறகு அவரைக் கொண்டாடியது எப்படி?
(வாசகர், கோயம்புத்தூர்)

இழிவுபடுத்தின என்பது மென்மையான சொல். நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த வாரங்களில் சில பத்திரிகைகள் அவரைப் பன்றியோடு ஒப்பிட்டு எழுதின. அவரை வெளியேற்ற வாக்களியுங்கள் என்று வாசகர்களைத் தூண்டின. வீட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணிடம் செய்தித்தாளும் இல்லை, தொலைபேசியும் இல்லை. தன்னைப் பற்றி வெளியே என்ன எழுதப்படுகிறது என்று தெரியாமலே அவர் சமைத்தார், சண்டை போட்டார், தூங்கினார்.

அந்தக் கேலியில் வர்க்க வெறுப்பு நிறையவே கலந்திருந்தது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் படிக்க வேண்டிய வயதில் தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தன் நாட்டின் வரைபடம் தெரியவில்லை என்றால், அது அவரை வளர்த்த ஏற்பாடுகளைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்கிறது. அந்தச் செய்தியைக் காதில் வாங்கிக்கொண்டவர்கள் மிகச் சிலரே. நாட்கள் செல்லச் செல்ல, இத்தனை பேர் சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணை அடிக்கிறார்களே என்ற இரக்கம் பார்வையாளர்களிடம் தோன்றியது. காற்று திரும்பியதை அறிந்த பத்திரிகைகளும் உடனே திரும்பிக்கொண்டன. மனம் மாறி அவர்கள் அவரை ஏற்கவில்லை. அவருடைய முகம் அட்டையில் இருந்தால் இதழ் விற்றது, அதனால் ஏற்றார்கள். இதை ஜேட் மிக விரைவில் புரிந்துகொண்டார்.

ஒரு நிகழ்ச்சியில் தோற்றவருக்கு அதன்பிறகு வருமானம் எங்கிருந்து வந்தது?
(வாசகர், ஈரோடு)

பேட்டிகள், வார இதழ்களுக்கான புகைப்படங்கள், உடற்பயிற்சி டிவிடிகள், தன் வாழ்க்கையையே பின்தொடரும் தொலைக்காட்சித் தொடர்கள், ஓர் அழகு நிலையம் எனப் பல வழிகளில் வந்தது. 2006ஆம் ஆண்டு சுயசரிதையும், 'ஷ்' என்ற பெயரில் வாசனைத் திரவியமும் வெளிவந்தன. அந்தத் திரவியம் நன்றாகவே விற்றது. அவருடைய சம்பாத்தியம் சில மில்லியன் பவுண்டுகள் இருக்கும் என்று அப்போதைய பத்திரிகைகள் மதிப்பிட்டன. முதல் பரிசான 70,000 பவுண்டோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நான்காம் இடத்துக்கு வந்தவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது விளங்கும்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. பாடகிக்குக் குரல் மூலதனம், விளையாட்டு வீரருக்கு உடல் மூலதனம். ஜேட்டுக்கு அவருடைய சொந்த வாழ்க்கைதான் மூலதனம். காதல், பிரிவு, பிள்ளைப்பேறு, தாயோடு போட்ட சண்டை என எது நடந்தாலும் அது விற்பனைக்கு வந்தது. விற்க எதுவும் நடக்காத மாதம் என்றால் அது வருமானமில்லாத மாதம். இப்படிப் பிழைப்பவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க ஓர் அறை மிஞ்சுவதில்லை.

2007இல் ஷில்பா ஷெட்டியை அவர் அவமதித்தது உண்மையிலேயே இனவெறியா, அல்லது எடிட்டிங் செய்து அப்படிக் காட்டினார்களா? இன்றைக்கும் நண்பர்களிடையே இது விவாதமாகிறது.
(வாசகர், மதுரை)

இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றை வைத்து மற்றொன்றை மறைக்கும் வழக்கம் இந்த விவாதத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2007 ஜனவரியில் 'செலிப்ரிட்டி பிக் பிரதர்' நிகழ்ச்சிக்கு ஜேட் தன் தாயோடும் காதலரோடும் அனுப்பப்பட்டார். தயாரிப்பாளர்கள் அந்தக் குடும்பத்தை எஜமானர்களாகவும், ஏற்கெனவே உள்ளே இருந்த பிரபலங்களை அவர்களுக்குப் பணிவிடை செய்பவர்களாகவும் ஆக்கினார்கள். முதிய திரைப்பட இயக்குநர் கென் ரஸ்ஸல், ஜேட்டோடு ஏற்பட்ட வாக்குவாதத்துக்குப் பிறகு தாமாகவே வெளியேறிவிட்டார். அந்த வீட்டில் இருந்த ஷில்பா ஷெட்டியை இந்தித் திரையுலகம் நன்கு அறியும். தமிழ்ப் படத்திலும் அவர் நடித்திருக்கிறார். அவருடைய உச்சரிப்பும் சமையலும் கேலிக்கு உள்ளாயின. ஜேட்டின் தாய் அவர் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை. உணவைத் தொட்ட அந்தக் கை எங்கெல்லாம் பட்டதோ என்ற பொருளில் மற்றொரு போட்டியாளர் பேசினார். ஜேட், ஷில்பாவின் பெயரோடு அப்பளம் என்ற சொல்லைச் சேர்த்து அவரைக் குறிப்பிட்டார். சூப்புக்குப் போடும் ஒரு சாதாரண மசாலாக் கட்டிக்காகத் தொடங்கிய சண்டையில், சேரிக்குள் ஒரு நாள் இருந்து பார் என்ற பொருளில் கத்தினார்.

இவையெல்லாம் அவர் வாயிலிருந்து வந்த சொற்கள். எடிட்டிங் மேசையில் எதை வெட்டலாம், எதை ஒட்டலாம் என்பது தயாரிப்பாளர் கையில் இருக்கிறது. ஆனால் சொல்லாத சொல்லை அங்கே உருவாக்க முடியாது. ஒருவருடைய பெயருக்குப் பதிலாக அவர் நாட்டு உணவின் பெயரை வைப்பதற்கு இனவெறி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. ஜேட்டின் தந்தையே கலப்பு இனத்தவர் என்பதைச் சிலர் அவருக்குச் சாதகமாகச் சொல்வார்கள். நாம் இழிவுக்கு ஆளான பரம்பரையில் வந்தவர்கள் என்பது பிறரை இழிவுபடுத்த நமக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு ஆகாது. தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதும் இல்லை. ஒரு வீட்டுக்குள் தனியாக இருந்த ஒரு பெண்ணைப் பலர் சேர்ந்து நாள்கணக்கில் நோகடித்தார்கள். அந்தக் காயத்தை அனுபவித்தவர் ஷில்பா ஷெட்டி. ஜேட்டின் துயரமான முடிவைப் பேசும்போதும் இதை நாம் மறந்துவிடக்கூடாது.

இனி எடிட்டிங் பற்றி. ஒலிபரப்பு, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்புக்கு 44,500 புகார்கள் வந்தன; அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் இத்தனை புகார்கள் வந்ததில்லை. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அந்த நாட்களில் இந்தியாவுக்கு வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன், பொருளாதாரம் பேச வந்த இடத்தில் இந்த நிகழ்ச்சிக்குப் பதில் சொல்ல நேர்ந்தது. நாடாளுமன்றத்தில் பிரதமர் டோனி பிளேரிடமும் கேள்வி எழுப்பப்பட்டது. விளம்பர ஆதரவாளரான கார்ஃபோன் வேர்ஹவுஸ் நிறுவனம் தன் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. இவ்வளவு நடந்தும், சேனல் தொடக்கத்தில் இதைப் பெண்களுக்கு இடையிலான பண்பாட்டு, வர்க்க உரசலாகவே வருணித்துக்கொண்டிருந்தது. 2007 மே மாதம் ஆஃப்காம், சேனல் 4 ஒளிபரப்பு விதிகளை மீறியது என்று முடிவு செய்து, அந்த முடிவை அதே சேனலில் அறிவிக்க உத்தரவிட்டது.

ஜேட்டின் கோபமும் அறியாமையும் ஐந்து ஆண்டுகளாக நாட்டுக்கே தெரிந்தவை. அவற்றுக்காகவேதான் அவரை அழைத்தார்கள். அவரை எஜமானியாக்கி, அறிமுகமில்லாத பண்பாட்டைச் சேர்ந்த ஒருவரைப் பணிவிடை செய்ய வைத்து, என்ன நடக்கிறது என்று கேமராவைத் திறந்து வைத்தார்கள். வெடிமருந்தை அடுக்கி வைத்தவர்களுக்கும் தீயில் பங்கு உண்டு. ஆனால் தண்டனை சமமாக விழவில்லை. ஜனவரி 19ஆம் தேதி, 82 சதவீத வாக்குகளோடு ஜேட் வெளியேற்றப்பட்டார். வழக்கமாக வாசலில் ஆரவாரிக்கும் கூட்டம் அன்று அனுமதிக்கப்படவில்லை. அவருடைய வாசனைத் திரவியம் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் வெளியே வந்து, காட்சிகளைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டார். ஷில்பா ஷெட்டி 63 சதவீத வாக்குகளோடு வெற்றி பெற்றார். 'பிக் பிரதர்' அடுத்த சீசனோ, அதே மே மாத இறுதியில் வழக்கம்போலத் தொடங்கிவிட்டது.

மறு ஆண்டே அவர் இந்திய 'பிக் பாஸ்' நிகழ்ச்சிக்கு வந்தது பாவமன்னிப்பா, விளம்பரமா?
(வாசகி, சேலம்)

இரண்டும் சேர்ந்திருந்தன என்றே நினைக்கிறேன். அவருடைய தொழிலில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. 2008 ஆகஸ்டில் கலர்ஸ் தொலைக்காட்சியின் 'பிக் பாஸ்' இரண்டாவது சீசனுக்கு அவர் வந்தார். அதைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டி. அவமதிக்கப்பட்டவர் தொகுப்பாளராக நின்று, அவமதித்தவரைப் போட்டியாளராக வரவேற்ற அந்தக் காட்சியில் ஷில்பா காட்டிய பெருந்தன்மையை நான் மதிக்கிறேன்.

ஜேட் அங்கே இரண்டு நாட்கள்தான் இருந்தார். இங்கிலாந்தில் செய்துகொண்டு வந்த பரிசோதனைகளின் முடிவு தொலைபேசியில் வந்தது. கேமராக்கள் நிறைந்த அந்த வீட்டின் கன்ஃபெஷன் ரூமில் உட்கார்ந்துதான், தனக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் இருக்கிறது என்று அவர் கேட்டறிந்தார். உடனே நாடு திரும்பினார். ஒரு மனிதர் தன் வாழ்வில் கேட்கும் மிகக் கொடிய செய்தியைத் தனிமையில் கேட்கும் உரிமைகூட அவருக்கு வாய்க்கவில்லை.

சாகும் தறுவாயில் திருமணத்தையும் சிகிச்சையையும் விற்றுக் காசாக்கினாரே, இது அருவருப்பாக இல்லையா?
(வாசகர், தஞ்சாவூர்)

இந்தக் கேள்வியை அன்று இங்கிலாந்திலும் பலர் கேட்டார்கள். நடந்ததைப் பாருங்கள். 2009 பிப்ரவரியில், நோய் பரவிவிட்டது, இனிப் பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதே மாதம் 22ஆம் தேதி எசெக்ஸ் மாகாணத்தின் டவுன் ஹால் (Down Hall) என்ற மாளிகையில் அவர் தன் காதலரை மணந்தார். மணமகன் ஒரு தாக்குதல் வழக்கில் சிறை சென்று, இரவில் வீட்டை விட்டு வெளியே இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு விடுதலையானவர். அந்த ஓர் இரவுக்கு மட்டும் அரசு நிபந்தனையைத் தளர்த்தியது. திருமணப் படங்களின் உரிமையை 'ஓகே!' இதழும், ஒளிபரப்பு உரிமையை லிவிங் டிவியும் பெரும் தொகை கொடுத்து வாங்கின. மார்ச் மாதத் தொடக்கத்தில், சிகிச்சை பெற்ற ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் சிற்றாலயத்தில், இரு மகன்களோடு அவர் ஞானஸ்நானம் பெற்றார். மார்ச் 22ஆம் தேதி, இங்கிலாந்தில் அன்னையர் தினமாகக் கொண்டாடப்படும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, தன் வீட்டில் இறந்தார். வயது 27. அவர் உயிரோடு இருந்தபோதே, நினைவஞ்சலி என்ற அட்டையோடு 'ஓகே!' இதழ் கடைகளுக்கு வந்துவிட்டது.

அருவருப்பு என்றால், அந்தக் கடைசி வரிக்குத்தான் எனக்கு அருவருப்பு. ஜேட் எதையும் மறைக்கவில்லை. பணத்துக்காகத்தான் இதைச் செய்கிறேன், நான் போன பிறகு என் பிள்ளைகள் நன்றாகப் படித்து வளர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தான் பெற்ற கல்வி எவ்வளவு குறைவானது என்று ஒரு நாடே சிரித்துக் காட்டிய பெண், தன் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு பார்க்கிறேன். வாழ்க்கையை விற்றுப் பிழைக்க ஆரம்பித்தவரிடம் கடைசியில் எஞ்சியிருந்த சொத்து அந்த மரணம். அதை அவர் விற்காவிட்டாலும் விற்கப்பட்டிருக்கும்: மருத்துவமனை வாசலில் நின்ற புகைப்படக்காரர்கள் விற்றிருப்பார்கள், வருமானம் பிள்ளைகளுக்குப் போயிருக்காது. விலையைத் தானே பேசி முடித்ததைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூர் வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்றவரிடம் கேட்கும் கேள்வியை வாங்கியவர்களிடமும் கேளுங்கள். அந்த இதழ்களை லட்சக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அவருடைய நோயால் மற்ற பெண்களுக்கு விழிப்புணர்வு ஏற்பட்டது என்பது உண்மையா? நான் செவிலியராகப் பணிபுரிகிறேன், அறிந்துகொள்ள விரும்புகிறேன்.
(வாசகி, நாகர்கோவில்)

உண்மை. அவருக்கு நோய் கண்டறியப்பட்ட 2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து, அவர் இறந்ததற்குச் சில மாதங்கள் பின்வரையான ஓராண்டில், இங்கிலாந்தில் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் அதிகமானோர் கூடுதலாக வந்தார்கள் என்று பின்னர் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அரசின் அறிவிப்புகளும் நினைவூட்டல் கடிதங்களும் அசைக்க முடியாத பெண்களை, அவர்களைப் போலவே பேசிய, அவர்களைப் போலவே கடிதத்தை அலட்சியம் செய்த ஒருத்தியின் கதை அசைத்தது. ஜேட்டுக்கு முன்பே பரிசோதனையில் கோளாறு தெரிந்திருந்தது. மேல்சிகிச்சைக்கு அழைத்த கடிதத்தைப் பயத்தினால் புறக்கணித்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பரிசோதனையைத் தொடங்கும் வயது பற்றியும் அப்போது பெரிய விவாதம் எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்து அதை 20லிருந்து 25ஆக உயர்த்தியிருந்தது. ஜேட்டின் மரணத்தால் எழுந்த கோரிக்கையை ஏற்று நிபுணர் குழு மறு ஆய்வு செய்தது. 25 என்பதையே தொடர முடிவெடுத்தது. இளம் வயதில் கருப்பைவாய்ச் செல்களில் தோன்றும் மாற்றங்கள் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும் என்பதும், தேவையற்ற சிகிச்சை பிற்காலக் கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடும் என்பதும் அதற்குக் காரணங்கள். நீங்கள் அறிந்திருப்பீர்கள், இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஹெச்.பி.வி. வைரஸ். அதற்கான தடுப்பூசியைப் பள்ளி மாணவிகளுக்குப் போடும் திட்டம் பிரிட்டனில் தொடங்கியது 2008 செப்டம்பரில், ஜேட்டுக்கு நோய் தெரிந்த அடுத்த மாதத்தில்.

வருந்தத்தக்க செய்தியும் உண்டு. கூடிய எண்ணிக்கை நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில், குறிப்பாக இளம்பெண்களிடையே, பரிசோதனைக்கு வருவோர் மீண்டும் குறைந்தார்கள். உங்களிடம் வரும் பெண்களுக்கு நீங்கள் நேரில் சொல்லும் சொல்லை, எந்தப் பிரபலத்தின் கதையைவிடவும் நான் நம்புகிறேன்.

அந்தப் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்?
(வாசகி, புதுச்சேரி)

தாய் இறந்தபோது இருவரும் ஆறு வயதுகூட நிரம்பாதவர்கள். தந்தை ஜெஃப் பிரேசியர் அவர்களை வளர்த்தார். இளையவர் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. மூத்தவர் பாபி பிரேசியர் பொதுவாழ்க்கைக்கு வந்துவிட்டவர்: முதலில் மாடலாக இருந்தார், 2022இல் பிபிசியின் நெடுந்தொடரான 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் நடிகரானார், 2023இல் 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்' நடனப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தார். தாயைப் போலவே தொலைக்காட்சிதான் அவருக்கும் பிழைப்பு. ஆனால் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் அவர் பேசியது வேறொருவர் எழுதிக் கொடுத்த வசனம். படப்பிடிப்பு முடிந்ததும் அந்தப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு அவரால் வீட்டுக்குப் போக முடிந்தது.